விஜயதசமிக்கு மறுநாள் மாத்தின தண்ணி

பல்லா சார்? பேசாதீங்க, பேசாதீங்க. கன்னம் பூரி மாதிரி உப்பிக் கெடக்கு, தலையை மட்டும் ஆட்டுங்க போதும். டோக்கன் எத்தனை? ஒன்பதா? அப்ப நேரம் இருக்கு. உள்ள இப்பதான் ஏழு போயிருக்கு. கடவாய்ப் பல்லாம், அரை மணி ஆகும்னு ரெஜினா சொல்லுச்சு. அதோ மேசையில உக்காந்து டோக்கன் குடுக்குதே, அந்தப் பொண்ணுதான் ரெஜினா. கொஞ்சம் இப்படி நகர்ந்துக்கிறீங்களா? மறைக்குது. எனக்கு அந்தத் தொட்டி தெரியணும்.

நான் பல்லுக்கு வந்தவன் இல்ல சார், தொட்டிக்கு வந்தவன். ஏகாம்பரம்னு பேரு. கொளத்தூர் மீன் மார்க்கெட்ல கேட்டா சொல்லுவாங்க. என்ன சொல்லுவாங்கன்னு கேக்காதீங்க. இது கடல் தொட்டி சார். தங்க மீன், கப்பி மாதிரி வெளையாட்டு இல்ல. பாறை மேல ஊதாவும் பச்சையுமா பூ மாதிரி ஒட்டியிருக்கே, அதெல்லாம் உயிரு. பவளம். நகைக்கடையில விக்கிற பவளம் இல்ல, இரை எடுத்து வளர்ற பவளம். வாரத்துக்கு ஒரு நாள் பழைய தண்ணியில பத்துல ஒரு பங்கை எடுத்துட்டு, உப்பு கலந்த புதுத் தண்ணி விடணும். அதுதான் என் வேலை. இன்னிக்குக் காலையில ஒன்பது மணிக்கு விட்டேன்.

இப்ப மணி என்ன? பதினொண்ணா?

பயமா இருக்கு சார். உங்களுக்கு ஊசியை நெனைச்சா பயம், எனக்கு இது. ஒரு உதவி பண்ணுங்க. பாறைக்குக் கீழ ஒரு இறால் தெரியுதா, செவப்பா, முதுகுல வெள்ளைக் கோடு போட்டு? குழம்பு வைக்கிற இறால் இல்ல, மீனுக்குப் பல்லு வெளக்கிவிடுற இறால். நெசமாத்தான் சொல்றேன். மீன் வாயைத் திறந்துக்கிட்டு நிக்கும், இது உள்ள போயி இடுக்குல இருக்கிறதைப் பொறுக்கித் தின்னுட்டு வெளிய வரும். 'இது என் அசிஸ்டென்ட்டு'ன்னு டாக்டரம்மா சிரிப்பாங்க. எப்பவும் கண்ணாடிகிட்ட வந்து மீசையை ஆட்டிக்கிட்டு நிக்கும். இன்னிக்கு வரல. அரை மணியா அந்த மூலையிலேயே ஒடுங்கிக் கெடக்கு. அதைக் கொஞ்சம் பாத்துக்கிட்டே இருங்க. சாஞ்சுதுன்னா கையை நீட்டுங்க, போதும்.

கெட்டது எது தண்ணிக்குள்ள வந்தாலும் மொதல்ல இறாலுக்குத் தெரிஞ்சிடும். அப்புறம் பவளம் மூடிக்கும். அப்புறந்தான் மீனு. அந்த ரெண்டு ஆரஞ்சு மீன், க்ளவுன் ஜோடி, பதினோரு வருஷம் சார். டாக்டரம்மா இந்த க்ளினிக்கைத் திறந்த அன்னைக்கு விட்டது. பெரிசு பொம்பளை, சின்னது ஆம்பளை. சின்னது பெரிசு பின்னாடியே சுத்தும், எங்க வீட்டைப் போல. குழந்தைங்க ஊசின்னு கத்துச்சுன்னா டாக்டரம்மா தூக்கிட்டு வந்து இதுங்க முன்னாடி நிறுத்திடுவாங்க. ஒரு மணிக்கு வெளிய வந்தா மொதல்ல இதுங்களுக்குச் சாப்பாடு. அப்புறந்தான் அவங்க டப்பாவைத் திறப்பாங்க. ஒரு மணிக்கு வந்து பாப்பாங்க. இன்னும் ரெண்டு மணி நேரந்தான்.

நான் ஒரு தப்பும் பண்ணல சார்.

தண்ணி மாத்துறதுல ஊர்ல எவனெவன் என்னென்ன தப்பு பண்ணுவான்னு எனக்கு அத்துப்படி. முகப்பேர்ல ஒருத்தர், நல்லாப் படிச்சவரு, குழாய்த் தண்ணியை அப்படியே பிடிச்சு விட்டுட்டாரு. அதுல மருந்து போட்டிருப்பான்ல? போச்சு. இன்னொருத்தன் உப்பைப் போட்டான், குச்சியால ரெண்டு சுத்து சுத்தினான், உடனே ஊத்திட்டான். அது கரையவே இல்ல, பவளத்து மேல போயி உக்காந்து பொசுக்கிடுச்சு. ஒருத்தன் ஆர்வக்கோளாறுல ஒரே நாள்ல பாதித் தொட்டியை மாத்திட்டான். ஒருத்தன் ஹீட்டரை அணைக்காம தண்ணியை எறக்கினான், கண்ணாடிச் சாமான், காத்துல காய்ஞ்சு டப்புனு வெடிச்சுது. இன்னொரு மகராசன் பஸ்ஸு கழுவுற மாதிரி பக்கெட்டைத் தூக்கிப் பவளம் மேலயே சளார்னு ஊத்தினான்! இவனுங்களையெல்லாம் என்ன சொல்றது சொல்லுங்க.

நான் அப்படியா? வடிகட்டின தண்ணியைத் தவிர வேற தண்ணியைத் தொட மாட்டேன். மொத நாளே உப்பைப் போட்டு, ட்ரம்முக்குள்ள ஒரு சின்ன பம்பை எறக்கி, ராத்திரி முழுக்கச் சுத்த விட்டுடுவேன். காலையில மீட்டர் வெச்சு உப்பு பாப்பேன். தொட்டியில முப்பத்தஞ்சுன்னா ட்ரம்லயும் முப்பத்தஞ்சு. சூடும் அப்படித்தான், அரை டிகிரி கூடக் கொறைய விட மாட்டேன். கேன்ல கொண்டு வந்து, அதே பம்பைக் கேனுக்குள்ள விட்டு, ட்யூப் வழியா மெல்ல, ஓரமா, சத்தமே இல்லாம எறக்குவேன். அப்புறம் கை. கைதான் சார் முக்கியம். தண்ணி மாத்துற நாள்னா மொத நாள்ல இருந்தே கைக்குச் சோப்பு கெடையாது. தலைக்கு எண்ணெய் கெடையாது. தேவகி, என் சம்சாரம், 'தலை வெறகுக் கட்டு மாதிரி இருக்கு'ன்னு கிண்டல் பண்ணுவா. பண்ணட்டுமே. ஒரு சொட்டு எண்ணெய் ஆகாது, ஒரு துளி வாசனை ஆகாது. அது கடல் சார், அதுக்கு நம்ம சாமான் எதுவும் ஒத்துக்காது.

இருங்க, வந்துடறேன்.

...ஒண்ணுமில்ல. தொட்டிக்குக் கீழ ஸ்கிம்மர்னு ஒரு குழாய் இருக்கு. தண்ணியில இருக்கிற அழுக்கை நுரையாக்கி ஒரு கிண்ணத்துல தள்ளும். நாள் முழுக்க ஓடினா ஒரு விரக்கடை நுரை சேரும். இன்னிக்குப் பால் மாதிரி பொங்கி வழியுது. இது மூணாவது தடவை கொட்டறேன். ரெஜினா பாக்கறதுக்குள்ள துணி போட்டுத் தொடைச்சிட்டேன். நீங்க பாத்தீங்க, பரவால்ல. நீங்கதான் பேச முடியாதே.

மூணு வருஷத்துக்கு முன்னாடியும் இப்படித்தான் பொங்குச்சு.

நுங்கம்பாக்கத்துல ஒரு எக்ஸ்போர்ட்காரர் வீடு. ஆறடித் தொட்டி. கொளத்தூர்ல எவன் கையிலயும் குடுக்காம என் கையில குடுத்தாரு. நானும் என் மச்சினனும் பாத்துக்கிட்டோம். கமலக்கண்ணன், தேவகி தம்பி. அவனுக்கு மீசை மொளைக்கிறதுக்கு முன்னாடியே நான்தான் கூட்டிட்டு வந்து தொழில் சொல்லிக் குடுத்தேன். நல்ல கை. தொட்டிக்குள்ள கையை விட்டா மீன் மெரளாது. அன்னைக்குக் காலையில தண்ணி மாத்திட்டு டீ குடிக்கப் போயிட்டு வர்றோம், நுரை வெளிய வந்து தரையெல்லாம் ஓடுது. மத்தியானம் இறாலு மல்லாந்துச்சு. சாயங்காலம் பவளமெல்லாம் சுருங்கி, தோலு உரிஞ்சு, தண்ணி கஞ்சி மாதிரி ஆயிடுச்சு. மறுநாள் காலையில அந்த வீட்டு வாசல்லயே நாத்தம் சார். அந்த நாத்தம் இன்னும் என் மூக்குல இருக்கு. சில நாள் சோத்துல கை வைக்கும்போது வரும்.

அவரு கத்துறாரு. பொண்டாட்டி புள்ளைங்க எல்லாம் சுத்தி நிக்குது. நான் யோசிச்சேன். நான் எல்லாம் சரியாத்தான் பண்ணேன். அப்ப யாரு? மொத நாளு பக்கெட்டைக் கழுவினது கமலக்கண்ணன். சோப்புத் தூள் போட்டுத்தான் கழுவியிருக்கணும். வேற என்ன? 'தண்ணியில மட்டுந்தான் மாமா கழுவினேன், அக்கா மேல சத்தியம்'னான். பொய் சொல்றியாடான்னேன். 'மாமா, அந்தப் பம்பு...'ன்னு ஆரம்பிச்சான். பழியைத் தூக்கிப் பம்பு மேல போடறியாடான்னு விட்டேன் ஒண்ணு, கன்னத்துல. அத்தனை பேரு முன்னாடி. இப்ப நீங்க பிடிச்சிருக்கீங்க பாருங்க கன்னத்தை, அப்படியே பிடிச்சுக்கிட்டு நின்னான். அதுக்கு மேல அவனைப் பேச நான் விடல.

கோவம் சார். என் தொழிலே போச்சே. கொளத்தூர் மார்க்கெட்ல ஒவ்வொரு கடையா ஏறி, இவனை வேலைக்கு வெக்காதீங்க, சோப்புக் கைக்காரன்னு சொல்லிட்டு வந்தேன். சோப்புக் கண்ணன்னே பேரு வெச்சுட்டானுங்க. என்னையும் எவனும் கூப்பிடல, அது வேற. ரெண்டு வருஷம் சின்னப் பசங்க வீட்டுல தங்க மீன் ஜாடி கழுவினேன். அவன் எப்படியோ ஒரு சின்ன கடையைப் பிடிச்சு, கடல் தொட்டிக்கு உப்புத் தண்ணி கலந்து கேன்ல விக்கிறான். நல்லா விக்குதாம். அந்தப் பக்கம் போக மாட்டேன். தேவகியையும் அனுப்ப மாட்டேன். மூணு தீபாவளி ஆச்சு அவ தம்பி வீட்டு வாசலை மிதிச்சு. அழுவா. அழட்டும்னு விட்டுட்டேன். தப்பு பண்ணினவன் அவன்தானே?

யாரு, கதவு திறக்குதா? ...இல்ல, ஏழாம் நம்பர் வெளிய வர்றாரு. பாவம், பஞ்சைக் கடிச்சுக்கிட்டு. எட்டு உள்ள போகுது.

எங்க விட்டேன்? டாக்டரம்மா. டாக்டர் அனுசூயா. போன சித்திரையில ஆள் விட்டுக் கூப்பிட்டாங்க. 'கொளத்தூர்ல எல்லாரும் உங்களை வேணாம்னாங்க. ஒரு தடவை தப்பு பண்ணினவரு அடுத்த தடவை ஜாக்கிரதையா இருப்பாருன்னு நான் நெனைக்கிறேன்'னாங்க. எனக்குச் சுருக்குன்னுச்சு. நான் எங்க தப்பு பண்ணேன்? ஆனா வாயை மூடிக்கிட்டேன். இன்னொண்ணும் சொன்னாங்க. 'எது நடந்தாலும் ஒடனே எங்கிட்ட சொல்லிடணும். வலியை மறைச்சு மறைச்சுக் கடைசியில வர்றவங்களைத் தினமும் பாக்கறேன். ஒளிச்சீங்கன்னா அதோட சரி'ன்னாங்க. ஒளிக்கிறதுக்கு என்ன இருக்குன்னேன். உலகத்துல என்னை நம்பின ஒரே ஆளு சார் அவங்க.

அதனாலதான் இந்த வருஷம் எதுலயும் குறை வெக்கலை. நுங்கம்பாக்கம் தொட்டி போனதும் விஜயதசமிக்கு மறுநாள்தான். அந்த வருஷம் ஆயுத பூஜையை ஏதோ ஒப்புக்குப் பண்ணேன், பம்புக்கு மட்டும் ஒரு பொட்டு வெச்சுட்டு ஓடினேன். அந்தக் குத்தந்தான்னு மனசுக்குள்ள உறுத்திக்கிட்டே இருந்துச்சு. இந்த வருஷம் முந்தாநாளு தேவகியும் நானும் உக்காந்து ஒண்ணு விடாம வெச்சோம். பம்பு, ட்யூப், மீட்டர், கேன் எல்லாத்துக்கும். உப்பு கலக்குற ட்ரம்முக்கு வெளிய மட்டும் இல்ல, உள்பக்கமும் சுத்தி மூணு பட்டை சந்தனம். ஜவ்வாது போட்டுக் குழைச்ச சந்தனம். குங்குமம் உதிரக் கூடாதுன்னு நல்லெண்ணெயில குழைச்சு வெச்சா. நேத்து விஜயதசமி, நல்ல நாளு, சாயங்காலம் அந்த ட்ரம்லயே உப்பைப் போட்டுப் பம்பை எறக்கினேன். பொட்டை நாம அழிக்கக் கூடாது, தானாப் போகணும், எங்க வீட்டு வழக்கம். இன்னிக்கு விடியக்காலையில மூடியைத் திறக்கறேன், கோயிலுக்குள்ள நுழைஞ்ச மாதிரி மணக்குது சார்! கும்பிட்டுட்டுத்தான் கேன்ல பிடிச்சேன். இதுக்கு மேல ஒருத்தன் என்ன சார் பண்ணுவான்?

என்ன? கையை நீட்டறீங்க. இறாலா? சாஞ்சிருச்சா? ஐயோ சாஞ்சு... இல்ல, நிமிருது, நிமிருது. மறுபடியும் கை நீட்டறீங்களே. எங்க? தொட்டி ஓரத்துலயா? ட்யூப்பா? அது காலையில மாட்டினது, இன்னும் கழட்டலை. அதுல என்ன...

செவப்பா இருக்கு.

கண்ணாடி மேல செவப்பா ஒரு கோடு எறங்கி வந்திருக்கு. ட்யூப் மூட்டுல இருந்து. உள்ள தண்ணி வரைக்கும் போயிருக்கு. இருங்க, தொட்டுப் பாக்கறேன். வழவழங்குது. எண்ணெய். மோந்து பாருங்க சார், என் விரலை மோந்து பாருங்க. ஜவ்வாது. அப்ப அந்த நுரையும்... நான் மூணு தடவை கொட்டினேனே, மூணு தடவையும் மணந்துச்சே. கும்பிட்ட வாசனை ஒடம்புல ஒட்டியிருக்குன்னுல்ல நெனைச்சேன்!

இல்ல சார். அது சாமி விஷயம். அது எப்படிக் கெடுதல் பண்ணும்?

நெத்தியில வெச்சா சாமி விஷயந்தான். கண்ணுக்குள்ள விழுந்தா எரியாதா? கொழந்தை கண்ணுல விழுந்தா அது கத்தாது? இந்தப் பவளத்துக்கெல்லாம் ஒடம்பு பூராவும் கண்ணு மாதிரி சார். நான் ராத்திரி பூரா அதைக் கரைச்சிருக்கேன். பம்பு போட்டுக் கரைச்சிருக்கேன். ஒரு சொட்டு எண்ணெய் ஆகாதுன்னு இப்பதானே உங்ககிட்ட பெருமையடிச்சேன்? தலைக்கு வெக்காத எண்ணெயைத் தொட்டிக்கு வெச்சிருக்கேன் சார்!

அப்ப அன்னைக்கும்... பம்புக்கு மட்டும் ஒரு பொட்டு. 'மாமா, அந்தப் பம்பு'ன்னான். அந்தப் பம்புன்னு ஆரம்பிச்சான் சார். அந்த வாய் மேலதானே அடிச்சேன்.

என்னால உக்கார முடியல. என்ன பண்றது இப்ப? நல்ல தண்ணி வேணும், நெறைய வேணும், ஒடனே வேணும். நான் வீட்டுக்குப் போயி கலக்கணும்னா ஒரு நாள் ஆகும். அதுவும் அதே ட்ரம்மு. கலந்து வெச்ச தண்ணி கொளத்தூர்ல ஒருத்தன்கிட்டதான் இருக்கு. இங்கேருந்து இருபது நிமிஷம். அவனுக்கு நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் போன் பண்ணுவேன்? தொட்டி போயிடுமோன்னு காலையில இருந்து பயந்தேன் சார். அது ஒரு பயமே இல்ல, இதுதான் பயம்.

சார், இந்தாங்க என் போனு. 'கமலு'ன்னு இருக்கும் பாருங்க. அழிக்கவே இல்ல. நீங்களே அமுக்கிக் குடுத்துடுங்க, நான்னா அமுக்க மாட்டேன். போகுதா? எடுக்க மாட்டான். என் நம்பரைப் பாத்தா எடுக்க மாட்டான். வேணாம், கட் பண்ணிடு...

கமலு? ஆமாண்டா, மாமாதான். ...என்னது? ...ஆமாண்டா. வெச்சேன். ...உள்பக்கமும். ...எண்ணெயில குழைச்சு. ...ரெண்டு மணி நேரம் ஆச்சு. ...அண்ணா நகர், ரவுண்டானா தாண்டி, டாக்டர் அனுசூயா பல் க்ளினிக். மாடியில. ...பாதியா? பாதித் தொட்டியாடா? ...சரி. நீ சொன்னா சரி. ...கமலு, அன்னைக்கு நான்... சரி, சரிடா. வா.

வெச்சிட்டான்.

என்ன கேட்டான் தெரியுமா சார்? எதுக்கு இப்பப் போன் பண்றேன்னு கேக்கல, அக்கா எப்படி இருக்குன்னு கேக்கல. இன்னிக்கு என்ன நாளுன்னு பாத்திருக்கான், நம்பரைப் பாத்திருக்கான். எடுத்த எடுப்புல, 'மாமா, பம்புக்குப் பொட்டு வெச்சீங்களா?'ன்னான். மூணு வருஷமா அந்த ஒரு கேள்வியை வாய்க்குள்ளயே வெச்சுக்கிட்டுத் திரிஞ்சிருக்கான் சார். மார்க்கெட் பூரா சோப்புக் கண்ணன் சோப்புக் கண்ணன்னு கூப்பிட்டப்ப, யார்கிட்டயும் சொல்லல. சொன்னா என் பேரு கெடும்னு சொல்லலையோ, சொல்லி என்ன பண்றதுன்னு விட்டானோ, எனக்குத் தெரியல.

ட்யூப்பை எடுத்துட்டேன். கெட்டதை உறிஞ்சிக்கிற கரித்தூள் பை ஒண்ணு அடியில எப்பவும் இருக்கும், அதைத் தண்ணி ஓடுற எடத்துல போடச் சொன்னான், போடறேன். காத்து பம்பை முழுசாத் திறந்துட்டேன். இருநூறு லிட்டர் எடுத்துக்கிட்டு வர்றானாம். இறாலும் மீனும் தாங்கிடும்னு சொல்றான். பவளம் பாதி நிக்கலாம், பாதி போகலாம்னான். அப்புறம் கடைசியா ஒண்ணு சொன்னான் சார். குரலை ஒசத்தல, சும்மா சொல்ற மாதிரிதான் சொன்னான். 'நான் வர்றதுக்குள்ள டாக்டரம்மா கேட்டா, பக்கெட்டைக் கமலு கழுவினான்னு மட்டும் சொல்லிடாதீங்க மாமா'ன்னான்.

சார், ரெஜினா உங்களைத்தான் கூப்பிடுது. ஒன்பது. போங்க, போங்க... இல்ல, இருங்க. ரொம்ப வலிக்குதா? அஞ்சு நிமிஷம் பொறுத்துக்குவீங்களா? உங்களுக்கு முன்னாடி நான் போயிட்டு வந்துடறேன். ஒரு மணி வரைக்கும் உக்காந்திருந்தா நான் ஏதாவது கதை கட்டிடுவேன் சார், என்னை எனக்குத் தெரியும். நீங்க இந்த இறாலைப் பாத்துக்கங்க.

டாக்டரம்மா. உள்ள வரலாங்களா? இல்லைங்கம்மா, பல்லுக்கு இல்ல. தொட்டியில ஒரு தப்பு நடந்து போச்சுங்கம்மா. நான்தான் பண்ணேன். மூணு வருஷத்துக்கு முன்னாடி நடந்ததும் நான்தாங்கம்மா.